ராத்தா கட்டிய மேல் வீடு

ஒரு வீட்டுக்கு மேலே இன்னொரு வீடு கட்டி முடிக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாராவது கேட்க நினைத்தால், தயவுசெய்து என் ராத்தா சுஹறாவிடம் கேட்டுவிடாதீர்கள். அவள் பதில் சொல்லாமல் சிரிப்பாள். தங்கச்சியான எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கிற தெம்பு இல்லை. என்னிடம் கேளுங்கள், நான் சொல்கிறேன். மேசன்மார் எல்லோரும் மூன்று மாதம் என்பார்கள். அவர்களுக்கு வேறு கணக்குத் தெரியாது. கக்கூசுக்கும் மூன்று மாதம், பள்ளிவாசலுக்கும் மூன்று மாதம். ராத்தாவின் மேல் வீட்டுக்கு முதல் கல் வைத்த அன்றும் அதையேதான் சொன்னார்கள். அப்போது அவளுடைய இளைய மகள் றாஹிலா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தாள். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டாள். அந்த வீடு முடிந்தால்தான் அவளுக்குக் கலியாணம்.

எங்கள் கல்முனைக்குடியில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். வீடு பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். பெற்றவர்கள் பின்பக்கம் ஒரு அறையில் ஒதுங்கிக்கொள்வார்கள். ஊரில் யாரும் இதைப் பெரிதாக யோசிப்பதில்லை, வெயிலுக்குக் குடை பிடிப்பது மாதிரித்தான். ஒரு மகள் என்றால் தப்பினீர்கள். இரண்டு மகள் என்றால் வீடு கட்ட இன்னொரு வளவு வேண்டும். வளவுக்கு எங்கே போவது? கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே நாங்கள் ஒருவர் மதிலில் ஒருவர் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறோம். ஆகவே இரண்டாவது மகள் உள்ளவர்கள் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள்.

எங்கள் உம்மா ராத்தாவுக்குக் கொடுத்த வீடு கடற்கரையோரம் இருந்தது. சுனாமி அதை அத்திவாரத்தோடு கொண்டு போனது. பிறகு ஊருக்குள்ளே சொந்தக்காரர் ஒருவரின் வளவில் பாதியை வாங்கி, ராத்தாவும் மச்சானும் மறுபடி கட்டினார்கள். மச்சான் ஹாதிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். அவர் குரல் எடுத்தால் தெருக்கோடியில் படுத்திருக்கிற நாய் எழும்பிவிடும். ராத்தா சுபஹுத் தொழுகைக்கு முன்னே எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள், இன்றைக்கும் கொடுக்கிறாள். சூட்டுத் தட்டைத் தூக்கித் தூக்கி அவளுடைய விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டன. மூத்தவள் அப்னா கலியாணம் முடித்தபோது அந்த வீடு அவள் பெயருக்குப் போனது. ராத்தாவும் மச்சானும் குசினி அடுப்படிக்குப் பின்னால் ஒரு அறையை இறக்கி அதற்குள் போனார்கள். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு ஜன்னல். சின்ன அறைதான். ஆனால் கதவைச் சாத்தினால் அவர்களுடையது.

மேல் வீட்டு வேலையை சொறிக்கல்முனை அருளம்பலம் மேசன் பொறுப்பெடுத்தார். கொங்கிறீற் தட்டுப் போட்ட கையோடு ஈஸ்டர் அன்று தேவாலயங்களில் குண்டு வெடித்து, பழி முஸ்லிம்கள் எல்லோர் மேலும் விழுந்தது. அவர் எங்கள் பக்கம் வரப் பயந்தார், நாங்கள் அவரைக் கூப்பிடப் பயந்தோம். பயம் தெளிந்து அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது கொரோனா வந்தது. அது போனபோது சீமெந்து இல்லை. காஸுக்கும் பெற்றோலுக்கும் சனம் வரிசையில் நின்ற காலத்தில் எவன் மேல் வீடு கட்டுவான்? சுவர்கள் இடுப்பளவில் நின்றுவிட்டன. மாரி மழையில் தட்டிலே தண்ணீர் கட்டி, கீழே அப்னாவின் ஹோலில் ஒழுகியது. அப்னா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ராத்தா மழைக்குள்ளேயே மேலே ஏறி வாளியால் அள்ளி ஊற்றினாள். பிறகு ஒருநாள், ஏலத்தின் நடுவிலே, மச்சானுக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. குரலும் போனது. இப்போது அவர் ஒரு வாசற்படி ஏறுவதற்கு இரண்டு பேர் தாங்க வேண்டும்.

போகிற கலியாண வீட்டிலெல்லாம் ராத்தாவிடம் இன்னும் முடியவில்லையா என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள். நான் சும்மா இருப்பேனா? உங்கட வாய்தான் இன்னும் முடியல்ல என்று திருப்பிக் கொடுத்து, இரண்டு குடும்பத்தோடு எனக்குக் கதை பேச்சு இல்லாமல் போயிற்று. எனக்கு அதில் கவலையும் இல்லை.

எப்படியோ போன வருடம் சுவர் எழும்பியது, கூரை போட்டாகியது, பூச்சு முடிந்தது, நிலத்துக்கு மாபிளும் பதித்தாகியது. மாப்பிள்ளை ஏற்கெனவே பேசி வைத்த பொடியன்தான். சாய்ந்தமருதில் ஒரு பாமசியில் வேலை. எத்தனை பெண் வீட்டார் கூப்பிட்டும் போகாமல், றாஹிலாதான் என்று காத்திருந்த பிள்ளை. அவனுடைய தாய் ஆமினா உம்மா வீட்டைப் பார்த்துவிட்டு நாள் வைக்கலாம் என்று சொல்லியனுப்பினார். ராத்தா அன்று வட்டிலப்பம் செய்தாள். அவள் புது உடுப்பு உடுத்தி நான் பார்த்தது வெகு காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

இந்த இடத்தில் படிக்கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தட்டுப் போடுவதற்கு முன்பு படியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, ராத்தா ஒரே பிடியாக வீட்டுக்கு உள்ளேதான் என்றாள். வெளியே வைத்தால் குமர்ப்பிள்ளை ஏறி இறங்குவதை ஒழுங்கையில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான் என்றாள். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அப்னாவின் புருஷன் அப்போது கட்டாரில். வீட்டில் ஆம்பிளை என்று மச்சான் மட்டும். படி ஹோலுக்குள்ளே ஏறியது. கட்டாருக்குப் போனவன் ஒருநாள் திரும்பி வருவான் என்பது எங்களில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. வந்தான். வந்தவன் மறுபடி போகவில்லை. வேலையில்லாத நேரமெல்லாம் ஹோலிலே சாரத்தோடு சாய்ந்து கிடந்து கிரிக்கெட் பார்ப்பான். பார்க்கட்டும், அவனிருக்கிற வீடு. றாஹிலாதான் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு சுவரோரமாகப் போய் வருவாள்.

ஆமினா உம்மா வந்த நேரமும் அவன் அங்கேதான் கிடந்தான். வெளியாட்களைக் கண்டு சாரத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடினான். ஆமினா உம்மா முதலாவது படியில் காலை வைத்தவர், அப்படியே நின்று ஹோலை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மேலே போய் எல்லாம் பார்த்தார், நல்ல காற்று என்றார். இறங்கி வந்து வட்டிலப்பத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“குறை நினைக்காதீங்க சுஹறா. றாஹிலா அப்னாட புருஷன்ட காலடியக் கடந்துதான் ஒவ்வொரு நாளும் அவட வீட்டுக்கு ஏறணும். எண்ட மகனும் வேலயால வந்தா, அப்னா இரிக்கிற இடத்துக்குள்ளாலதான் வரணும். ரெண்டு குடும்பத்துக்கு ஒரு வாசல் சரிவராது. படிய வெளியால எடுங்க. எடுத்த கையோட காவின் எழுதிக் கலியாணத்த முடிப்பம்.”

இத்தனை வருடம் கட்டியவளிடம் வந்து, கட்டி முடித்த அன்று இப்படிச் சொல்வதா என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த மனுசி சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் மகளுக்கு என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. வெட்கத்துக்குப் பயந்து உள்ளே வைத்த படியை வெட்கத்துக்காகவே வெளியே எடுக்க வேண்டி வந்தது. ராத்தா மட்டும் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு, இன்னொரு துண்டு வட்டிலப்பத்தை அவருடைய தட்டில் வைத்தாள்.

அடுத்த நாள் அருளம்பலம் வந்தார். வளவைச் சுற்றி அளந்தார். இடது பக்கம் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. வலது பக்கத்தில் ஒரு ஆள் நேரே நடக்க ஏலாது, பக்கவாட்டில்தான் போகலாம். முன்னுக்கு இரண்டு எட்டு வைத்தால் ஒழுங்கை. அவர் பின்பக்கம் போனார், நாடாவைப் பிடித்தார், அதைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு பின் அறையின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தாதான் கேட்டாள்.

“எண்ட அறையத்தானே பாக்கிறீங்க?”

“ஓம் அக்கா. வேற இடமில்ல.”

அறையை இடித்தால் படி வரும். படியின் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சும், அதை அடைத்து ஒரு சின்ன அறை எடுத்துத் தரலாம் என்றார் அருளம்பலம். மூன்று மாதம் போதும் என்றும் சொன்னார். அவரை நான் பார்த்த பார்வையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மேலே றாஹிலாவோடு போய் இருக்கலாம்தான், எங்கள் ஊரில் பெற்றவர்கள் இளையவளோடு இருப்பதுதான் வழக்கம். ஆனால் மச்சானை எப்படி மேலே ஏற்றுவது? ஏற்றினால் எப்படி இறக்குவது? அப்னா வாப்பாவுக்கு ஹோலிலே கட்டில் போடலாம் என்றாள். அவள் மனசால்தான் சொன்னாள். அவளுடைய இரண்டு அறையில் ஒன்று அவளுக்கும் புருஷனுக்கும், மற்றதில் வயதுக்கு வந்த பெண் பிள்ளையும் சின்னவர்களும் படுக்கிறார்கள். ராத்தா மாட்டேன் என்றாள். மச்சானுக்கு எல்லாம் படுக்கையில்தான். வருகிறவர்கள் போகிறவர்களுக்கு முன்னால் அவருடைய சாரத்தை மாற்றுவதா? ஒரு காலத்தில் கடற்கரையே அவருடைய குரலுக்கு நின்றது.

றாஹிலாவுக்கு இது தெரியவந்ததும், தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் அதிகம் கதைக்கிற பிள்ளை இல்லை. நேசறிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்து, வாப்பாவுக்குச் சோறு தீத்திவிட்டு, அடுத்த நாள் இடியப்பத்துக்கு மா வறுப்பாள். அன்று மா வறுக்கிற அடுப்படியிலேயே நின்று, உங்கட அறைய இடிச்சுத்தான் எனக்கு ஒரு படி வேணுமெண்டா, அந்தப் படியில நான் ஏறமாட்டன் என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ராத்தா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றும் வந்தது கோபம் இல்லை.

“இப்பிடிச் சொல்லாத மகள். எனக்கு இனி ஏலா. களச்சிட்டன். நீ ஏறி இரிக்கிறதப் பாக்கத்தான் இவ்வளவு காலமும் கால் மடக்கி இரிக்காம நிண்டன். நீ ஏறாட்டி நான் நிண்டது என்னத்துக்கு?”

மா கருகிப்போனது. அதை றாஹிலாதான் கொண்டுபோய்க் கொட்டினாள்.

கட்டுவதற்குத்தான் காலம் போகும். இடிப்பதற்கு ஒரு பகல் தாராளம். போன கிழமை, அப்னாவின் குசினியில் ஒரு மூலையை ஒதுக்கி மச்சானைக் கிடத்திவிட்டு, அருளம்பலத்தின் ஆட்கள் கூரைச் சீற்றைக் கழற்றினார்கள். ஜன்னலை முழுசாக எடுத்தார்கள், பிறகு சுவரைத் தள்ளினார்கள். ராத்தா அலுமாரிச் சாமான்களை மூன்று சாக்கில் கட்டியிருந்தாள். ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் மூன்று சாக்கா என்று நான் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளோ தூசு பறக்கிறது, மச்சானின் முகத்தை மூடு என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தாள். காவினுக்கு நாள் வைத்தாகிவிட்டது. ஆமினா உம்மா தானே மகனுக்கான கலியாணத் தொப்பிச் சாமான்கள் வாங்கத் தொடங்கிவிட்டதாகச் சொல்லியனுப்பினார். இந்தத் தடவை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள். படி காய்கிறதோ இல்லையோ, றாஹிலா ஏறுவாள்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா என் வீட்டுக்கு வந்தாள். குசினிக் கதிரையில் இருந்து, கால்களை நீட்டி, பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்தாள். அப்னாவின் குசினியில் எண்ணெய் வாசனைக்கும் அடுப்புப் புகைக்கும் மச்சானுக்கு இருமல் பிடித்துவிட்டது, கலியாண வேலைக்கு ஆட்கள் வந்தால் அங்கே நிற்கவும் இடம் இருக்காது என்று சொன்னாள். படிக்குக் கீழே அந்த அறையை அடைத்துத் தரும் வரைக்கும் மட்டும் என்று இழுத்தாள். என் ராத்தா, என்னிடம், கேட்க வெட்கப்பட்டு, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“உண்ட வீட்டுல எங்களுக்கு ஒரு மூலை கிடைக்குமா, தங்கச்சி?”

இது என்ன கேள்வி, நாளைக்கே வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளே என் மகளுடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அவள் ஒருத்திதான். அவளுக்குக் காவின் எழுதிய வருடமே இந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் படுப்பது இந்தக் குசினிக்குப் பக்கத்து அறையில். நல்ல பிள்ளை, இல்லையென்று சொல்ல மாட்டாள். ஆனாலும் கேட்க வேண்டும். ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்த எனக்கு ஒரு சொல்லை வெளியே எடுக்க இவ்வளவு நேரம் பிடித்ததே இல்லை.

“மகள்ட்டக் கேட்டுட்டுச் சொல்றன் ராத்தா.”

அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. தலையாட்டிவிட்டு மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

“ஓம், கேளு. மருமகன்ட்டயும் ஒரு சொல்லுக் கேட்டுக்க.”