குடைக்காரனுக்கு யாருமில்லை

இன்பமேரிச் சித்தி கதை சொன்னால் கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும். கோபித்துக்கொண்டு நிறுத்துவதில்லை. ‘ம்’ வராவிட்டால் கதைக்குள் இருக்கிற ஆள் தூக்கிய காலைக் கீழே வைக்கமாட்டான் என்பார்.

சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் நாங்கள் காய் பிரிக்கிறோம். உலர்ந்து வந்த காயைச் சுளகில் பரப்பி, பச்சை கெடாத பெரிய காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்ததும் சொறி பிடித்ததும் ஒரு பக்கம் என்று ஒதுக்க வேண்டும். ஈரக்காற்று புகுந்தால் காய் பதம் கெட்டுவிடும். அதனால் கதவும் சன்னலும் எப்போதும் சாத்தித்தான் இருக்கும். கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள் வழியாக விழும் வெளிச்சத்தில் வேலை. பத்தாம் வகுப்பு முடித்ததும் நான் இங்கே வந்து உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்த இடம் சித்தியின் இடது பக்கம்.

எங்கள் சூப்பர்வைசர் சென்னிமலை பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைக்காரர். முதலில் அவர் வேலை நேரத்தில் யாரும் பேசக்கூடாது என்றுதான் வைத்திருந்தாராம். பிறகு ஒன்றைக் கவனித்திருக்கிறார். கதை நடக்கும்போது யாரும் காயை வாயில் போட்டு மெல்லுவதில்லை. எல்லோரும் ஒன்றாக ‘ம்’ என்கிறபோது எல்லோருடைய கையும் ஒன்றாகக் காயில் விழுகிறது. அன்றிலிருந்து சித்தியை அறையின் நடுவில் உட்காரவைத்துவிட்டார். ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். சித்தி சொல்லிவந்த கதையின் நாயகி பேச்சிக்கனி காய்ச்சலில் கிடந்த அன்று அறையே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததில் வேலை கெட்டுப்போனது.

“ஏனுங்கம்மிணி, லோடு ஏலத்துக்குப் போற வரைக்கும் ஆரையும் சாவடிச்சுப் போடாதீங்க. அப்பறம் உங்க இஷ்டம்” என்றார்.

“சரிங்க. லோடு போனதும் முதல்ல சூப்பர்வைசரைக் கதைக்குள்ள கொண்டாந்திருதேன்” என்றார் சித்தி. அறை முழுக்கச் சிரிப்பு. சென்னிமலையும் சிரித்தார்.

சித்திக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி மலை ஏறியவர் பிறகு இறங்கவில்லை. புருஷன் பாஸ்கல் இதே ஸ்டோரில் காய் உலர்த்தும் சூளைக்கு விறகு தள்ளினார். மார்ச்சளி முற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஜீப்பிலேயே இறந்துபோனார். நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது அது. குழந்தை இல்லை. ஊரில் இருந்த அண்ணனும் போய்ச் சேர்ந்த பிறகு கீழேயிருந்து யாரும் வரவில்லை. எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் கடைசி வீடு சித்தியுடையது. நான் சித்தி என்று கூப்பிடுவது முறைக்குத்தான். அதற்கு அந்தப் பக்கம் ரோடு, அதைத் தாண்டினால் காடு. சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “இந்தக் கதையெல்லாம் எங்க சித்தி கேட்டீக?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கேட்டது கிடையாது பிள்ள. அவுகளா வந்து நிக்காக. நான் பாத்துச் சொல்லுதேன்” என்றார்.

பேச்சிக்கனியின் கதை போன சீசன் தொடக்கத்தில் ஆரம்பித்தது. தாய்மாமன் கட்டாயக் கல்யாணம் பண்ணிவைக்கப் பார்க்கிறான். அவள் ஒரு துணிமூட்டையோடு ஓடி, மலைப்பாதையில் ஏறி வருகிறாள். வழியில் ஒரு ஆளைப் பார்க்கிறாள். கொட்டுகிற மழையில் குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறான். ஏன்யா விரிக்கவில்லை என்று கேட்டால், “புதுக் குடைல்லா, விரிச்சா நனைஞ்சிருமே” என்கிறான். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் சுளகுகள் எல்லாம் குலுங்கின. அவனை வைத்து அடுத்த நாளும் சிரித்தோம். ஒரு வளைவில் பேச்சிக்கனி தன் மூட்டையை அவனிடம் கொடுக்கிறாள். “கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இங்கனயே நில்லுங்க, தண்ணி குடிச்சிட்டு வாரேன்” என்று ஊற்றுப் பக்கம் போகிறாள். அங்கே மாமன் வந்துவிடுகிறான். அவள் அந்த வழியே வந்த ஜீப்பில் தாவி ஏறித் தப்பிக்கிறாள். அந்த ஜீப் டிரைவரைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கதை பூப்பாறைக்கும் தேவிகுளத்துக்குமாக ஓடியது. மாமியார் வந்தாள், சண்டை வந்தது, காய்ச்சல் வந்தது, வயிற்றில் பிள்ளை வந்தது. குடைக்காரனை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஒருநாள் காலையில் நான் குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது சித்தி வாசற்படியில் நின்று பாலில்லாத கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சாரல் உள்ளே அடித்தது. சித்தி நகரவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு சித்தி வாராக?”

“யாரும் வரல. அந்தக் குடைக்காரன் நிக்கான்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. சித்தி சிரிக்காமல் சொன்னார். “அவன அங்கன நிறுத்திவச்சேன்லா. கூட்டிட்டு வரணும்னு தோணல. இப்பம் அடுப்புப் பத்தவைக்கும்போது வந்துருதான். ஒண்ணும் கேக்க மாட்டேங்கான். மூட்டையக் கீழ வச்சா சேறாயிரும்னு தோள்லயே வச்சுக்கிட்டு நிக்கான்.”

அன்றைக்கே ஸ்டோரில் சித்தி அவனைப் பற்றி ஆரம்பித்தார். “அங்கன அந்தக் குடைக்காரன் நின்னான்லா…” ஒருவரும் ‘ம்’ கொட்டவில்லை.

“அந்தக் கிறுக்கன விடுக்கா, பேச்சிக்கனிக்கு வலி வந்துச்சா இல்லையா?” என்றாள் சுடலைவடிவு. எதிர் வரிசையில் உட்காருகிறவள், வாய்க்காரி.

சென்னிமலையும் மூட்டை தைத்துக்கொண்டே, “ஆமாங்கம்மிணி, அந்தப் புள்ளயப் பாதியில உட்டுப்போட்டு எங்க போறீங்க?” என்றார்.

சித்தி மறுபடியும் இரண்டு மூன்று தரம் முயன்றார். அவ்வளவுதான், சுடலைவடிவுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. “யாருக்கா அந்த ஆளு? பாஸ்கலண்ணனுக்கு முந்தியா பிந்தியா? எங்ககிட்ட சொன்னா என்ன, நாங்க என்ன சாமியார்கிட்டயா போயிச் சொல்லப்போறோம்?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சித்தி கையை நிறுத்தவில்லை. “யாருமில்ல ஏளா. நிசமான ஆளா இருந்தா அவனுக்கு ஒரு ஆத்தா இருப்பா, அண்ணன் தம்பி இருப்பாக, யூனியன்காரன் இருப்பான். எவனாச்சும் தேடி வருவான். இவனுக்கு என்ன விட்டா ஆளு கிடையாது. யாருமில்லாததுனாலதான் நான் பாக்க வேண்டியிருக்கு.”

சிரிப்பு நின்றது. ஆனால் ‘ம்’ வரவில்லை.

சித்தி வீட்டில் தனியாக அவனுக்குக் கதை சொல்லிப் பார்த்திருக்கிறார். கஞ்சி கொதிக்கிற நேரத்தில் அவர் குரல் எனக்கே கேட்டிருக்கிறது. ஒரு லாரியைக் கொண்டுவந்தாராம், அவன் ஏறவில்லை. ஒரு டீக்கடையைக் கொண்டுவந்தாராம், அவன் அதன் பக்கம் திரும்பவில்லை. கேட்க ஆள் இல்லாததால்தான் நகர மாட்டேன் என்கிறான் என்றார்.

“நான் வந்து உக்காந்து ‘ம்’ சொல்லட்டுமா சித்தி?”

சித்தி என் தலையில் கைவைத்தார். “நீ என்னப் பாத்து இரக்கப்பட்டுச் சொல்லுத ‘ம்’ அது. அவனுக்குத் தெரிஞ்சிரும் பிள்ள.”

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. சித்தி பிரித்த பச்சைக் காயில் வெளுத்தது கலந்து வந்தது. முதலில் நானே என் சுளகை நகர்த்திச் சத்தமில்லாமல் பொறுக்கினேன். ஆனால் ஒருநாள் சென்னிமலை மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தார். சித்தியைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“கண்ணு மங்கிப்போச்சுங்களா அம்மிணி?”

“ஓட்டு வெளிச்சம் பத்தல.”

“எல்லாத்துக்கும் அதே ஓடுதானுங்களே. அடுத்த சீசனுக்கு உங்களக் களையெடுக்கப் போட்டுடறனுங்க. வேலை போகாது. நான் பாத்துக்கறேன்.”

வேலை போகாது என்பது உண்மைதான். ஆனால் களையெடுப்பு என்றால் சரிவில் ஆளுக்கு ஒரு வரிசையாகப் பிரிந்து போய்விடுவோம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பக்கத்து வரிசையில் இருக்கிறவள் இருமினாலும் கேட்காது. அங்கே யார் கதை சொல்ல, யார் ‘ம்’ கொட்ட? குடைக்காரனை ரோட்டை விட்டு அகற்றுவதற்கு அந்த சீசன்தான் இருந்தது. அதுவும் முடியவிருந்தது. சித்தி சாப்பாட்டு நேரத்தில் தூக்குவாளியைத் திறக்காமல் அப்படியே மூடி வைத்திருந்தார்.

கடைசிக் காய் பிரிக்கிற அன்று காலையில் வழியில் என்னிடம் சொன்னார். “இன்னைக்குப் பேச்சிக்கனிய அங்கன இறக்கிருவேன். இறங்கி மூட்டைய வாங்கிட்டு, போயிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் அவனுக்கு.”

பேச்சிக்கனிக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. அதைத் தாய்வீட்டுக்குக் காட்டப் புருஷன் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போகிறான். அறையில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ‘ம்’ கணீரென்று விழுந்தது.

“ஜீப்பு அந்த வளைவுல திரும்புது.”

“ம்.”

“நல்ல மழை. கண்ணாடியில வழியுது. மடியில பிள்ள தூங்குது.”

“ம்.”

“ரோட்டோரத்துல ஒரு ஆளு. தோள்ல மூட்டை. கக்கத்துல குடை.”

‘ம்’ வரவில்லை. சுடலைவடிவு நிமிர்ந்தாள். “ஏக்கா, அவன் இன்னுமா நிக்கான்?”

“நிக்கான்.”

“அன்னையில இருந்தா?”

“ஆமா. வாரேன்னு சொல்லிட்டுல்லா போனா.”

“ஆத்தி!” என்று யாரோ சொன்னார்கள். மூட்டை தைத்துக்கொண்டிருந்த சென்னிமலை ஊசியைப் பிடித்தபடியே, “ஏனுங்க, வண்டி ஓட்டறது அவ புருசன்தானுங்களே. பிரேக்கப் போடச் சொல்லுங்க” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

சித்தி வாயைத் திறந்தார். கையிலிருந்த காயைத் திரும்பச் சுளகில் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அவ பாத்தா. பிள்ளைக்குச் சாரல் அடிக்குன்னு படுதாவ இறக்கிவிட்டா. ஜீப்பு போயிட்டு.”

“பாவி மவ!” என்றாள் சுடலைவடிவு. “உன் கதைதானக்கா, இறக்கிவிட்டா என்ன?”

“இறங்கு இறங்குன்னுதான் சொல்லுதேன். மாட்டேங்காளே. இத்தன நாளு கழிச்சு அவன் முகத்துல எப்படி முழிப்பா?”

எல்லோருடைய கையும் நின்றுவிட்டது. அதுவரை எங்களுக்கு அவள்தான் வேண்டியவள். இப்போது அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த ரோட்டோரத்தில் நின்றோம்.

“அவன் அவளப் பாத்தானா?”

“பாத்தான்.”

“அடையாளம் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

சுடலைவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “இப்பமாச்சும் அந்தக் குடைய விரிக்கச் சொல்லுக்கா” என்றாள்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டார். “மூட்டையக் கீழ வச்சான்.”

“ம்.”

“குடைய எடுத்தான்.”

“ம்.”

“விரிச்சான்.”

அப்போது வந்த ‘ம்’ போல நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதில் சென்னிமலையின் குரலும் இருந்தது.

“அப்புறம்?”

“நடந்து போயிட்டான்.”

“மேலயா, கீழயா?”

“மழையில தெரியல ஏளா” என்றார் சித்தி. சுளகை எடுத்துத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது. எல்லோரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கலைந்தோம்.

மறுநாள் குழாயடிக்குப் போகும்போது சித்தியின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் அவர் இல்லை. உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டானா சித்தி?”

“போயிட்டான். தொறந்து பாத்தேன். ரோடு வெறிச்சுன்னு கெடக்கு.”

“நல்லதுதான சித்தி.”

“நல்லதுதான்” என்றார். பிறகு, “இத்தன வருசத்துல இந்த வீட்டுல இப்படி ஒத்தையா இருந்ததில்ல பிள்ள” என்றார்.

இந்த சீசனில் சித்தி களையெடுக்கப் போகிறார். ஸ்டோரில் சென்னிமலை ஒரு டிரான்சிஸ்டர் வாங்கி வைத்திருக்கிறார். பாட்டு வருகிறது, செய்தி வருகிறது. அதற்கு ‘ம்’ கொட்ட வேண்டியதில்லை. வேலையும் நடக்கிறது. ஆனால் எல்லோருடைய கையும் தனித்தனியாகத்தான் விழுகிறது. பேச்சிக்கனி இப்போது எப்படி இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. மழை பலமாக இருக்கிற நாளில் மட்டும் சுடலைவடிவு சுளகை நிறுத்திவிட்டு, “பாவம் ஏளா அவன்” என்பாள். யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதைச் சித்தியிடம் சொல்லலாமென்று போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மண் படிந்த கையைக் கழுவிக்கொண்டிருந்தார். புதிதாக யாராவது வந்து நிற்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இருட்டிக்கொண்டு வந்ததால் நான் எழுந்தேன். வாசல் வரை வந்தவர் ரோட்டைப் பார்க்காமலே கேட்டார்.

“பிள்ள, நீ வரும்போது அந்தப் பக்கம் யாராச்சும் குடை பிடிச்சிட்டுப் போனாகளா?”

“இல்ல சித்தி. யாரும் போகல.”

“ம்” என்றார்.