அண்ணனுக்குக் கொடுத்த கோ மாத்திரை

மெல்போர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. கடை என்றதும் ஒரு கண்ணாடி அலமாரியையும் அதற்குப் பின்னால் நிற்கிற ஒரு ஆளையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் உசிலம்பட்டிச் சந்தை அம்புட்டுப் பெரிசு அது. ஆட்கள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய் மாத்திரை அள்ளுகிறார்கள். அதுவும் யார் யார்? காலையில் ஓடிவிட்டு வந்து வியர்வைகூடக் காயாத, கல்லுக்குண்டு மாதிரி ஆட்கள். நம் ஊரில் கையில் மாத்திரைக் கவரைப் பார்த்துவிட்டால் போதும், "என்னத்தா, மேலுக்கு முடியலையா?" என்று தெருவே விசாரிக்கும். இங்கே மேலுக்கு நன்றாக இருக்கிறவர்கள்தான் மாத்திரை வாங்குகிறார்கள். வந்த புதிதில் இந்தக் கூத்து எனக்கு விளங்கவே இல்லை. இப்போது நானும் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறேன் என்பது வேறு விஷயம்.

முதல் தடவை மகளோடு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக, "ஹவ் யூ கோயிங்?" என்றாள். எதில் போகப்போகிறாய் என்று அக்கறையாகக் கேட்கிறாள், நல்ல பிள்ளை என்று நினைத்து, "பஸ், பஸ்" என்றேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். சௌக்கியமா என்பதைத்தான் இங்கே அப்படிக் கேட்பார்களாம். சரி, நம்ம ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லையா, அது மாதிரி. கால் உளைச்சலையும் அசதியையும் மகள் எடுத்துச் சொல்ல, அந்தப் பெண் ஒரு டப்பாவை நீட்டினாள். கோ-என்சைம். கோ-கியூ-டென் என்று செல்லப்பெயர் வேறு. உடம்பிலேயே ஊறுகிற சத்துதான், வயதானால் குறைந்துவிடும், போட்டால் சிலருக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது என்றாள். வேறு ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா என்றும் கேட்டாள். எனக்கு ஒன்றும் கிடையாது, இல்லை என்றேன்.

சாயங்கால வெயில் நிறத்தில், முண்டு முண்டாக இருக்கும் அந்த மாத்திரை. தண்ணீரோடு முழுங்குவதற்குள் உயிர் போய் உயிர் வரும். தெம்பு வந்ததா என்று கேட்டால், வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. மாடிப்படி கொஞ்சம் லேசானது. மாத்திரையாலா, குளிர் விட்டதாலா, யார் கண்டது. ஆனால் என் நினைப்பெல்லாம் உடனே அண்ணனிடம் ஓடிவிட்டது.

அண்ணன் என்னைவிட மூத்தவர், ஒரே உடன்பிறப்பு. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டோடும், மதினியோடும், செவலை என்கிற ஒரு கிழட்டுப் பசுவோடும் இருக்கிறார். சில வருசத்துக்கு முன்னால் மதுரையில் இருதயத்தில் வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். அப்பா செத்தபோது நான் விமானம் மாறி மாறி வந்து சேர்ந்தது சாம்பலுக்குத்தான். "லேட்டாயிருச்சு பாப்பா" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அண்ணனுக்கும் அப்படி வந்து நிற்கக் கூடாது. அவரைச் சாம்பலாக அல்ல, நடமாடுகிற மனுசனாகப் பார்க்கவேண்டும். கடல் தாண்டி இருக்கிறவளால் வேறென்ன செய்யமுடியும்? ஊருக்குப் போகிற ஒருவரிடம் டப்பா டப்பாவாகக் கொடுத்தனுப்பினேன்.

போனில் விளக்கமும் சொன்னேன். "அண்ணே, இது கோ மாத்திரை. வயசானதுகளுக்குத்தான். தெம்பு குடுக்கும். தினம் ஒண்ணு, மறக்காமப் போட்டுரணும்."

"கோவா?" என்றார்.

"ஆமாண்ணே, கோ."

"சரி பாப்பா, போட்டுருவோம்."

அதற்குப் பிறகு தினமும் நான் கூப்பிடுவேன். "போட்டியாண்ணே?" "போட்டுட்டேன் பாப்பா." அம்புட்டுத்தான் பேச்சு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

போன தை மாதம் ஊருக்குப் போனேன். அண்ணன் கொஞ்சம் இளைத்திருந்தாலும் நடையில் குறையில்லை. பார்த்தாயா, மாத்திரை வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பூரித்துப்போனேன். மறுநாள் காலையில் தொழுவத்துப் பக்கம் போனால், அண்ணன் தவிட்டையும் பருத்திக்கொட்டையையும் தொட்டியில் கலந்துகொண்டிருக்கிறார். இடுப்பு வேட்டியில் என் டப்பா. ஒரு மாத்திரையை எடுத்து, செவலையின் தொட்டியில் டபக்கென்று போட்டார்.

"அண்ணே! என்ன காரியம் பண்ற?"

"நீ சொன்னதத்தான் பாப்பா. கோ மாத்திரை. வயசானதுக்கு. இந்த வீட்ல கோ இவ ஒருத்திதான, கன்னு போடுறத நிப்பாட்டி எம்புட்டு நாளாச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "தினமும் போட்டேன், போட்டேன்னியே, பொய்யா?" என்று கத்தினேன்.

"பொய் எங்க சொன்னேன்? மாட்டுக்குப் போட்டேன். நீ வாயில போட்டியான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "நேத்து வேலியத் தாண்டிட்டா தெரியுமா? உங்க மாத்திரை நல்ல மாத்திரைதான்" என்கிறார். அண்ணனுக்கு நிஜமாகவே விளங்கவில்லையா, விளங்கியும் விளையாடினாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால் செவலையின் காதைச் சொறிந்துவிடுவார்.

நான் விடவில்லை. டாக்டர் சொன்னால் கேட்பார் என்று மதுரைக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். வால்வு மாற்றியதிலிருந்து அண்ணனைப் பார்க்கிற டாக்டர். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இத இவரு சாப்பிட்டாரா?" என்றார்.

"இல்ல டாக்டர், மாடு சாப்பிட்டுச்சு."

"மாடு நல்லாருக்குல்ல?" என்றார், சிரிக்காமல். பிறகு என்னைப் பார்த்து, "நல்லவேளைம்மா. ரத்தம் உறையாம இருக்க இவருக்கு ஒரு மாத்திரை குடுத்திருக்கேன். இத அதோட சேத்தா அது வேலை செய்யிறது குறையலாம். வால்வு வச்ச ஆளுக்கு அது ஆபத்து. உங்களுக்கு ஒத்துக்குதுன்னா நீங்க போடுங்க. என்னையக் கேக்காம இவருக்குக் குடுக்காதீங்க" என்றார்.

எவரைச் சாகவிடக் கூடாது என்று துடித்தேனோ, அவருக்கே என் கையால் கேடு செய்யப் பார்த்தேனே! வெளியே வந்து நடைபாதையிலேயே நின்று அழுதேன். அண்ணன் என்னைத் தள்ளுவண்டிக் கடைக்கு இழுத்துப்போய், சூடாக ஒரு கிளாஸ் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

"செவலைக்குப் போடுற பருத்திக்கொட்டையத்தான் அரைச்சுக் காய்ச்சி நமக்கும் ஊத்துறாய்ங்க. அது மாதிரி ஒனக்கு ஆகுறது எனக்கும் ஆகும்னு நெனச்சிட்ட. விடு, குடி" என்றார். சுக்கு வாசத்துக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் இருந்தவரைக்கும் பருத்திப்பால் என்ன சத்து என்று ஒருவரும் யோசித்ததில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தது, குடித்தோம்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டுக் கேட்டார். "அது சரி, என்னைய நீ தெனம் கேட்ட. ஒன்னைய அங்க யாரு கேக்குறா?"

மகளும் மருமகனும் காலையில் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்லமுடியாது. ஆனால் நான் மாத்திரை போட்டேனா, சாப்பிட்டேனா, அன்றைக்கு எழுந்தேனா என்று கேட்க ஆளில்லை. சௌக்கியமா என்று கேட்டவள், சொல்லப்போனால், அந்த மருந்துக்கடைப் பெண் ஒருத்திதான். அவளிடமும் நான் பஸ் என்றேன். செக்கானூரணி தாண்டுகிறவரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது நான் மெல்போர்னில் மதியச் சோற்றுக்கு உட்காருகிற நேரத்துக்குப் போன் அடிக்கிறது. அங்கே அப்போதுதான் விடிந்து, தொழுவத்தைக் கூட்டி முடித்திருப்பார்கள். அண்ணன் வீடியோவில் பேச மதினியிடம் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"போட்டியா பாப்பா?"

"போட்டுட்டேண்ணே. நீ?"

"டாக்டர் குடுத்தத மட்டும் போட்டேன். நீ வாயில போட்டியா?"

"வாயிலதாண்ணே."

"எங்க, காட்டு."

நான் ஆவென்று திறக்கிறேன். அதற்குள் அங்கே செவலை வந்து போனை முகர்கிறது. திரை முழுக்க அதன் ஈர மூக்கு. மூலையில் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் வாயைத் திறந்தபடி நான். அந்தத் தொழுவத்தில் எனக்கு இருக்கிற இடம் அம்புட்டுத்தான். செவலை நகர்ந்து அண்ணன் முகம் தெரிகிறவரைக்கும் வாயை மூடாமல் நிற்கிறேன்.