சித்திக்கு வந்த சுவரொட்டி

எங்கள் பாரிவாக்கம் வீட்டில் யாருக்கு ரத்தம் குறைந்தாலும் டாக்டர் அப்புறம்தான், முதலில் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலுக்குத்தான் அந்தப் பெயர். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளுமாம். எறிந்து பார்க்க அத்தை என்னை ஒருநாளும் விட்டதில்லை. அதைத் தின்றால் ரத்தம் ஊறும், சோர்வு போகும், சிரிப்பு தானாக வரும் என்பது அத்தையின் கட்சி.

அப்போது சிரிப்பு தேவைப்பட்டது சித்திக்கு. ஐயப்பன்தாங்கல் பிளாட்டில் சுத்த சைவமாக வளர்ந்தவள், கூட வேலை பார்த்த சித்தப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்த கொஞ்ச காலத்திலேயே முகம் வெளுத்து, கட்டிலே கதியென்று ஆகிவிட்டாள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அப்படியே கிடந்தது. அடுத்த பரிசோதனையிலும் ரத்தம் ஏறாவிட்டால் பெண்ணை அழைத்துப் போய்விடுவதாக அவளுடைய அம்மா சொல்லிவிட்டார். அவளை விட எனக்கு மனசில்லை. என்னை 'வாங்க மேடம்' என்று கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான்.

அத்தை களத்தில் இறங்கினாள். விடிந்ததும் கறிக்கடை. மிளகு இடித்துப் போட்டு, சின்ன வெங்காயத்தோடு வதக்கல். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் வேலை எனக்கு. ஆகா, என்ன மணம்!

"மருந்துன்னு நெனச்சி முழுங்கிடும்மா. அப்பால பாரு, எப்டி ஆவறேன்னு" என்று அறை வாசலிலேயே சொல்லிவிட்டு அத்தை போய்விட்டாள்.

சித்தி தட்டைப் பார்த்தாள். எச்சில் விழுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"நீ இத சாப்பிடு. நான் மாத்திரை போட்டுக்கறேன். டீலா?"

டீலாவது ஒன்றாவது, நான் அதற்குள் கட்டிலில் சம்மணம் போட்டிருந்தேன். தினமும் எனக்குச் சுவரொட்டி, அவளுக்கு ரசம் சாதமும் மாத்திரையும். வாய் நிறையக் கறியோடு பள்ளிக்கூடத்துச் சண்டைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் அளந்தேன். ஒருநாள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. நானோ விளையாட்டு மைதானத்தில் பெரிய வகுப்புப் பெண்களையே முந்திக்கொண்டு பறந்தேன்.

பரிசோதனை முடிவு வந்தது. ரத்தம் ஏறியிருந்தது! நான் கூடத்தில் குதித்த குதியில் மின்விசிறிகூட ஆடியிருக்கும். முடிவு தெரிந்துகொள்ள வந்திருந்த சித்தியின் அம்மா தனியாகவே ஐயப்பன்தாங்கலுக்குக் கிளம்பினார்.

"மாத்திரயாம் மாத்திர. இன்னா பண்ணும் அது? அல்லாம் நம்ம சுவரொட்டிதான்" என்று அத்தை தெருவைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே குழப்பம். தின்றது நான், ரத்தம் ஏறியது அவளுக்கு. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்ததால் அவளுக்கும் கொஞ்சம் போயிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கூடத்தில் நாங்கள் எல்லோரும் கறிச் சட்டியைச் சுற்றி உட்காரும்போது, வந்த நாளிலிருந்து அவள் தன் தட்டோடு அறைக்குள் போய்விடுவாள். வாசனை ஆகாது, அவளுக்கு அதுதான் வசதி என்று விட்டிருந்தோம். நான் போனது கறிக்காகத்தான். சாப்பிடும்போது கூட உட்கார அவளுக்கு ஒரு ஆள் கிடைத்தது அப்போதுதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.