மாத்ருபூதம் வீட்டுப் பின்பால் மெஷின்

ஸ்ரீரங்கத்தில் என் பக்கத்து வீட்டு மாத்ருபூதம் அண்ணன், ரயில்வே சிக்னல் ரிலேக்களைப் பழுது பார்த்தே ரிட்டயர் ஆனவர். மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து, சாய்ந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இரும்புக் குண்டை உருட்டி விளையாடும் பழைய பின்பால் மெஷினை வாங்கி வந்தார். அதைக் கூடத்தில் இறக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

"இது கொலு வைக்கிற இடம். நவராத்திரிக்குள்ள ஓடலேன்னா பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்றார் அண்ணி மட்டுவார்குழலி.

அண்ணன் ஆறு மாதம் அதற்குள் இருந்த ரிலேக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார். மகாளய அமாவாசையன்று விளக்குகள் எரிந்தன. அண்ணி குண்டை விட்டார். அது பாதி தூரம் போவதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. அடுத்த குண்டுக்கும் அதே கதி.

குண்டைத் திருப்ப மெஷினை யாராவது உலுக்கினால், உள்ளே தொங்கும் ஊசல் வளையத்தில் பட்டு ஆட்டம் நிற்கும். அண்ணன் அந்த இடைவெளியை மயிரிழையாக வைத்திருந்ததால், குண்டு உருளும் அதிர்வே அதற்குப் போதுமானதாக இருந்தது.

"சந்தேகம்னா நிறுத்திடணும். முப்பத்திரண்டு வருஷம் சிக்னல்ல அப்படித்தான் வேலை பார்த்தேன்."

"ஏங்க, இதுல யாரு பிரயாணம் போறாங்க?"

"அண்ணே, குண்டு தடம் புரண்டா யாருக்கும் அடிபடாது. தளர்த்துங்க" என்றேன் நான்.

மனசே இல்லாமல் திருகாணியைத் தளர்த்தி, ஊசலை மேலே ஏற்றி இடைவெளியைக் கூட்டினார். குண்டு ஓடியது, மணி அடித்தது, எண்கள் சுழன்றன.

மறுநாள் கொலு பார்க்கப் போனேன். மெஷின் கூடத்திலேயே இருந்தது.

"இருங்க தம்பி, இந்தக் குண்டு விழட்டும்" என்றார் அண்ணி, திரும்பாமலே.

முன்னறையில் அண்ணன் தனியாக, ரசமட்டம் வைத்துக் கொலுப்படி கட்டிக்கொண்டிருந்தார்.