கணவாயில் ஆறு பருந்துகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தினேன். ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் தப்பித்தார்கள், பருந்துகள் மாட்டிக்கொண்டன.

பங்குனி பிறந்தால் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு பாறைமேல் குடையோடு உட்கார்ந்துவிடுவேன். பனிக்காலத்தைக் கழிக்க நம் பக்கம் வந்த பருந்துகள் அப்போதுதான் வடக்கே திரும்பும். வெயில் ஏறியதும் வட்டமடித்து உயர்ந்து, மலையிடுக்கு வழியாகப் போகும். இடது கையில் தொலைநோக்கி, வலது கையில் எண்ணும் கருவி. கட்டைவிரலால் ஓர் அமுக்கு, ஒரு பருந்து.

அந்த வழியில் மின்சாரம் எடுக்கிற ராட்சதக் காற்றாடி ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பேறியாகச் சுற்றுவதுபோலத் தெரியும். பிளேடு நுனி பட்டால் பறவை இரண்டு துண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவர் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர், எங்கள் சர்ச் சபைக்காரர். முந்தின வருடம் ஒரு பருந்து செத்துக் கிடந்ததற்கு நான் போட்ட கூச்சலில் மனிதர் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஐந்துக்கு மேல் கூட்டமாக வந்தால் நான் அவருக்குப் போன் செய்ய வேண்டும், அவர் காற்றாடியை நிறுத்துவார். அது நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தால் அவர் வேலை போய்விடும். ஆனாலும் கூப்பிட்டபோதெல்லாம் நிறுத்தினார்.

அன்று பத்து மணிக்குத் தெற்கே ஒரு கூட்டம் எழும்பியது. பத்தொன்பதுக்கு மேல் ஒரே கூட்டமாக நான் பார்த்ததே இல்லை. இது இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. கண்ணை எடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். எண்ணி முடித்துவிட்டுப் போன் செய்யலாம், இதோ ஆயிற்று, இதோ ஆயிற்று என்று அந்தச் சனியன் பிடித்த விரல் அமுக்கிக்கொண்டே போனது.

நாற்பத்தாறாவது பருந்து என் கண்ணெதிரே பிளந்தது. ஈரத்துணியைக் கல்லில் அறைந்தாற்போல ஒரு சத்தம். அடுத்த பிளேடு இன்னொன்றை அடித்தது. அதற்கடுத்தது இரண்டை.

செருப்பைக்கூடத் தேடாமல் முள்ளுக்காட்டுக்குள் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஆறு விழுந்து கிடந்தன. ஒன்றுக்குத் தலை இல்லை. ஒன்று மட்டும் உயிரோடு, ஒற்றைச் சிறகை அடித்து மண்ணில் சுற்றிச் சுற்றி வந்தது. தூக்கினேன். நகங்கள் என் உள்ளங்கைக்குள் இறங்கின, விடவில்லை. அதன் குடல் வெளியே தொங்கியது. வேறு வழியில்லாமல் கழுத்தைத் திருகினேன்.

காற்றாடியின் கீழ்க்கதவைத் திறந்து அவர் வெளியே வந்தார். ரத்தம் வழிந்த அந்தக் கையாலேயே கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். கொலைகாரப் பாவி, உறங்கினீரா, கர்த்தர் உம்மைச் சும்மா விடமாட்டார் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"டீச்சர், நீங்க விளிக்கல்லியே."

என் போன் பாறைமேல், பைக்குள், ஜிப் போட்டபடி இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே முள்ளில் உட்கார்ந்து அழுதேன். அவர் போய்க் காற்றாடியை நிறுத்திவிட்டு, என் கைக்குக் கட்டுப்போட மருந்துப்பெட்டி கொண்டுவந்தார். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கன்னத்தில் என் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"அடிச்சது கிடக்கட்டும். நாளைக்கு முதல்ல விளியுங்க, பொறவு எண்ணுங்க."

மறுநாள் எண்ணும் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தக் கையில் போனைப் பிடித்துக்கொண்டு போனேன். பங்குனி முடிந்ததும், எண்ணிக்கையைச் சேகரிக்கிற நாகர்கோவில்காரர்கள் இந்த வருடம் எத்தனை பருந்து போனது என்று கேட்டார்கள். போனது தெரியாது, செத்தது ஆறு, கொன்றது நான் என்றேன்.