பத்து சிசி எஞ்சினுக்கு ஒரு விமானம்

விமானம் தென்னை மரத்தில் மோதிச் சுக்குநூறாக உடைந்தபோது எஞ்சினில் மட்டும் ஒரு கீறல்கூட விழவில்லை. என் கணவர் அதை மண்ணிலிருந்து தோண்டி எடுத்து, கழுவி, எண்ணெய் விட்டு, பழைய பனியனில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சனியன், அதுவும் சேர்ந்து உடைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உடைந்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். எஞ்சின் மிஞ்சிவிட்டதால் அதற்கேற்ற விமானம் தேடும் வேலை தொடங்கியது.

ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்தைத்தான் சொல்கிறேன். அவர் திருவனந்தபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு சக்களத்தி உண்டு என்றால் அது இந்த விமானம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, கொல்லயில் என்ற ஊரில் அறுப்பு முடிந்த வயலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சும்மா நேராகப் பறப்பதில் அவருக்கு ருசி கிடையாது. தலைகீழாகப் போக வேண்டும், வட்டமடிக்க வேண்டும், செங்குத்தாக ஏறி அந்தரத்தில் நின்று புரள வேண்டும். வரப்பில் நிற்பவர்கள் "அய்யோ போச்சு" என்று கத்தும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே எரிபொருளில் கலந்து எரிந்த விளக்கெண்ணெய் நாற்றத்தை இத்தனை வருஷம் அவர் சட்டையிலிருந்து துவைத்துப் போக்கினேன்.

மரத்தில் மோதியதற்கு அவர் சொன்ன காரணம், இறக்கையைத் திருப்புகிற சின்ன மோட்டார் சிக்கிக்கொண்டது என்பது. நான் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிளார்க். நாள் முழுக்கப் பொய் கேட்டுப் பழகிய காது. சிக்கிய மோட்டாரை யாரும் துடைத்துப் பத்திரமாக டப்பாவில் போட்டு வைக்க மாட்டார்கள், இவர் வைத்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவருக்கு ஆடத் தெரியாமல் இல்லை. இந்த வித்தையில் இவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. கோளாறு அவருடைய வலது கையில்.

அந்த நடுக்கம் முதலில் காப்பி டம்ளரில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட இடது கையைப் பழக்கினார். வலது கை எப்போதும் பாக்கெட்டுக்குள்தான். எங்கள் சர்ச்சில் திருவிருந்து ஞாயிறன்று திராட்சை ரசத்தைச் சின்னக் கிண்ணத்தில் கையில் வாங்கிக் குடிக்க வேண்டும். "வயிறு சரியில்ல, நீ போ" என்று இவர் பெஞ்சிலேயே இருந்துவிடுவார். மாதாமாதம் அதே ஞாயிறு பார்த்தா ஒரு மனுஷனுக்கு வயிறு கெடும்?

ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஒரு டாக்டர்ட்ட காட்டுவமா?"

"என்னத்துக்கு?"

"கையத்தான்."

"எனக்க கைக்கு ஒண்ணும் இல்ல. நீ சும்மா இரி."

அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். டாக்டர் என்ன சொல்வார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் மாமனாருக்கு வந்த நடுக்குவாதமும் இப்படித்தான் கையில் தொடங்கியது. கடைசியில் கஞ்சிகூட நான்தான் ஊட்டிவிட்டேன். ஆனால் இப்போது மருந்து வந்திருக்கிறது, சீக்கிரமாகக் காட்டினால் சில வருஷமாவது நன்றாக இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவராக வாய் திறந்து கேட்டாலொழிய அவரை ஒரு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போக முடியாது. இந்தக் கவலையில் எனக்குத் தூக்கம் போயிற்று.

பாலராமபுரத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் அவருடைய பறக்கும் கூட்டாளி. வயதில் இளையவர், அண்ணி முறை வைத்து என்னை மைனி என்று கூப்பிடுவார். ஒரு நாள் சாயங்காலம் வந்தார். சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து எஞ்சினை நடுவில் வைத்துக்கொண்டு, போனில் ஒவ்வொரு விமானமாகப் பார்த்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இவர் இவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை.

"அண்ணே, இறக்கை மேல உள்ளது ஒண்ணு எடுப்போம். பொறுமையா பறக்கும். கைய விட்டாலும் தானா நிமிந்துக்கிடும்" என்றார் கூட்டாளி.

"அது பழகுறவனுக்குள்ளதாக்கும். அதுல இந்த எஞ்சின வச்சா ஆட்டுக்குட்டி வண்டியில காளையப் பூட்டுனது போல இருக்கும்."

"அப்பம் எனக்ககிட்ட சின்ன எஞ்சின் ஒண்ணு உண்டு. அதத் தாறேன்."

"எலே, எஞ்சினுக்கு விமானம் கேட்டா, நீ விமானத்துக்கு எஞ்சின் தாறியா?"

கூட்டாளி என்னைப் பார்த்தார். நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கை விஷயம் அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எடை என்றார்கள், இறக்கை நீளம் என்றார்கள், செங்குத்தாக ஏற எவ்வளவு இழுவை வேண்டும் என்றார்கள். கை என்ற பேச்சு மட்டும் அந்த மேஜைக்கு வரவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் இவர் நினைத்ததைத்தான் எடுத்தார். உடம்பின் நடுவில் இறக்கை, இறக்கையின் மேலும் கீழும் ஒரே வளைவு. "இது தானா ஒண்ணும் செய்யாது கேட்டியா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். "மல்லாத்திப் போட்டா மல்லாந்தே போவும். நம்ம கை சொல்லுதத மட்டும் கேக்கும். இந்த எஞ்சினுக்கு இதாக்கும் சரி."

பெட்டியில் வந்த கட்டைகளை ஒட்டிச் சேர்க்க அவருக்கு வெகு நாள் பிடித்தது. மேலே ஒட்டும் வண்ணத் தாளைத் துணி தேய்க்கும் பெட்டியால் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். எஞ்சின் கனம், அதனால் பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்தார். பிறகு இரண்டு விரல் நுனிகளில் விமானத்தைத் தூக்கி, மூக்கு சாய்கிறதா வால் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். "நீ பிடி" என்றார். பிடித்தேன். சாயாமல் நின்றது.

பறக்கவிட்ட அன்று வயலில் காற்றே இல்லை. கூட்டாளி ரிமோட்டைக் கையில் வாங்கி, "அண்ணே, முதல்ல கொஞ்சம் மந்தமா திரும்புத மாதிரி வச்சுத் தாறேன்" என்றார். பட்டென்று பிடுங்கிக்கொண்டார் இவர்.

எஞ்சின் ஒரே சுழற்றலில் பிடித்தது. தரையை விட்டதும் மூக்கை மேலே தூக்கினார். விமானம் தயங்காமல், கிறங்காமல், நேரே வானத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. நான் என்னை அறியாமல் கை தட்டினேன். அவர் எடுத்த முடிவு சரி. அந்த எஞ்சினுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைத்திருக்காது.

பிறகு அதைக் கீழே இறக்கி எங்கள் தலைக்கு மேலே நேராகக் கொண்டுவந்தார். அப்போது விமானம் நடுங்கியது.

இரண்டு இறக்கைகளும் விடாமல் கிடுகிடுவென்று ஆடின. தென்னை ஓலை ஒன்றும் அசையவில்லை. நான் அவருடைய கட்டை விரலைப் பார்த்தேன், மறுபடியும் மேலே பார்த்தேன். வீட்டில் டம்ளரிலும் பொத்தானிலும் துண்டு துண்டாகப் பார்த்ததை அங்கே மொத்தமாகப் பார்த்தேன். கூட்டாளி சொன்ன விமானமாக இருந்தால் அது பாதியை மறைத்திருக்கும். இது ஒன்றையும் மறைக்கவில்லை. வரப்பில் நின்ற எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடக் கத்தவில்லை.

"மேல காத்து உண்டு அண்ணே, குழப்பமில்ல" என்றார் கூட்டாளி.

இவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று கொண்டுவந்தார். அதே நடுக்கம்.

"காத்து இல்ல" என்றார். "இந்தா. நீ எறக்கு."

கூட்டாளி பதறாமல் இறக்கினார். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இவர் அதன் பக்கத்தில் போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து, வலது கையைப் பாக்கெட்டில் போடாமல் மடியிலே வைத்துக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது மடியில் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதை அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒனக்கு என்னைக்கு லீவு கிட்டும்?" என்று கேட்டார். "டாக்டர்ட்ட போவணும்."

இந்த ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று எத்தனை நாள் ஜெபித்திருப்பேன். வந்த நேரத்தில் எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது. உங்க கைக்கு ஒண்ணும் இல்ல, மோட்டாராக்கும் சிக்கிச்சு, எழும்பி இன்னொருக்கப் பறக்க விடுங்க என்று சொல்லிவிட நெஞ்சு அடித்துக்கொண்டது.

"நாளைக்கே போடுதேன்" என்றேன்.