பத்மினி அக்காவும் பாதிரியாரின் கண்ணாடித் தகடுகளும்

சென்ற செவ்வாய்க்கிழமை சிட்னியின் பிளாக்டவுன் பகுதி மளிகைக்கடையில் கொத்தமல்லிக் கட்டும் கையுமாக நின்றிருந்தபோது பத்மினி அக்காவின் மகள் அழைத்தார். “அம்மா மோசம் போயிட்டா, அங்கிள்” என்றார். இறந்துவிட்டார் என்பதை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கட்டை எங்கே வைத்தேன், எப்படி வீடு வந்தேன் என்பதெல்லாம் நினைவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் யாழ்ப்பாணம், நான் மதுரை. சிட்னியில் ஒரு தேவாலயத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்த்தோம். நூறாண்டுக்கு முன் ஆளரவமற்ற உள்நாட்டில் குதிரைவண்டியில் சுற்றிய பாதிரியார் ஒருவர், பண்ணை பண்ணையாகப் போய் ஞானஸ்நானம் கொடுத்தார், கல்யாணம் செய்துவைத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். கையோடு கொண்டுபோன கேமராவில் அத்தனை பேரையும் கண்ணாடித் தகடுகளில் படமும் எடுத்தார். அந்தத் தகடுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. படத்தில் இருப்பவர் யாரென்று பழைய பதிவேடுகளில் தேடிக் கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்து பாதிரியாரைச் செல்லமாகத் திட்டுவார். “இந்த மனுசன் கலியாண வீட்டிலயும் குதிரையைத்தான் நடுவில நிக்கவச்சிருக்கிறார், பாருங்கோ தம்பி!”

ஒரு தகட்டில் இளந்தாய் ஒருத்தி, மடியில் குழந்தை. அந்தக் குழந்தையின் தங்கை எண்பத்தெட்டு வயதில் அந்தப் பக்கமே வாழ்கிறார் என்று அக்கா கண்டுபிடித்தார். தான் பிறக்கும் முன்பே இறந்துபோன தமக்கையை அந்த மூதாட்டி பார்த்ததேயில்லை. அக்கா உடனே அவருக்கு ஃபோன் செய்து, “உங்கள் அக்கா தாய் மடியில் அழகாகத் தூங்குகிறாள்” என்று சொல்லிவிட்டார். பட்டியலிலும் ‘உறங்கும் குழந்தை’ என்றே பதிந்தோம்.

பிரதி அனுப்புவதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். தாயின் முகம் கலங்கலாக இருந்தது. குழந்தையின் இமைமயிர்கூடத் துல்லியமாக இருந்தது. அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன் சில நொடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். தூங்கும் பிள்ளைகூட மூச்சுவிடும்போது கொஞ்சம் அசைந்துவிடும். அக்கா எழுந்துபோய் அடக்கப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். ஞானஸ்நானத்துக்கு மறுநாளே அடக்கம். பாதிரியார் படம் எடுத்தபோது குழந்தை உயிரோடு இல்லை.

“சொல்லாமலே விட்டுட்டா என்னக்கா? இல்லேன்னா ஃபோன்ல சொல்லிடலாம்” என்றேன்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பிழை விட்டது நான். நல்ல சேதியை ஃபோனில சொன்னனான். இதை நேரில போய்த்தான் சொல்லவேணும்.”

ரயிலும் பஸ்ஸுமாக ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தோம். மூதாட்டியின் சமையலறை மேசையில் அக்கா படத்தை வைத்தார். சுற்றிவளைக்காமல் உண்மையைச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். மூதாட்டி குழந்தையைப் பார்க்கவில்லை, தாயின் கலங்கலான முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: “அம்மா சாகும்வரை இவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று எனக்கு அவள்மேல் கோபம். பாருங்கள், எப்படி நடுங்கியிருக்கிறாள்!”

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார். “எனக்கும் முதல்ல ஒரு பொம்பிளைப்பிள்ளை பிறந்தது, தம்பி. அகதி முகாமில காய்ச்சல் வந்து அஞ்சு மாசத்தில போயிட்டாள். படம் எடுக்க ஆளில்லை. இப்ப முகம் சரியா ஞாபகத்துக்கு வருகுதில்லை. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு.” அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காப்பகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டியலைத் திருத்தினார். ‘தாயும் மகளும்’ என்று எழுதினார்.

நேற்று இறுதிச் சடங்கில் மகளிடம், அம்மாவைப் பற்றி எழுதப்போகிறேன், அந்தக் குழந்தையைப் பற்றியும் எழுதலாமா என்று கேட்டேன். “ஓம் அங்கிள், கட்டாயம் எழுதுங்கோ. அம்மாவுக்கு நாங்கள் ரெண்டு பிள்ளையள்” என்றவர், தான் பார்த்திராத தமக்கையின் பெயரையும் சொன்னார்.

எழுதிவிட்டேன், அக்கா. உங்கள் மூத்த மகளின் பெயர் தாரணி. ஐந்து மாதம் உங்கள் மடியில் இருந்தாள். நிம்மதியாகப் போய் வாருங்கள்.